பாதி செய்த பூட்டு

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் செய்யப்படும் அந்தப் பூட்டின் வயிற்றுக்குள் லீவர் எனப்படும் சின்னத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் தனக்குரிய தகட்டை ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒரே ஒரு தகடு மயிரிழை கூடுதலாக எழும்பினாலும் குறைந்தாலும் பூட்டின் நாக்கு நகராது. ஏழு லீவர் கொண்ட மாங்காய்ப் பூட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு லீவருக்கும் நான்கு உயரங்கள் இருக்கலாம் என்று வைத்தால், 16,384 வெவ்வேறு சாவிகள் சாத்தியம். அரத்தால் ராவிப் பொருத்தும் தொழிலாளி அந்த 16,384-ல் ஒன்றை இரும்பிலேயே எழுதிவிடுகிறார். பட்டறையை விட்டுக் கிளம்பும்போதே அந்தப் பூட்டுக்கு அதன் ரகசியம் அமைந்துவிட்டது.

அங்கிருந்து வடமேற்கே கோயம்புத்தூருக்கு வருவோம். பீளமேட்டிலும் சரவணம்பட்டியிலும் உள்ள விடுதிகள், அடுக்ககங்கள், மென்பொருள் அலுவலகங்கள், நகைப் பட்டறைகள் என்று பல கதவுகளின் பக்கத்தில் இன்று பன்னிரண்டு பொத்தான் கொண்ட ஒரு பெட்டி ஒட்டியிருக்கிறது. கீபேட் என்றோ கோட் லாக் என்றோ சொல்கிறார்கள். நான்கு இலக்க எண் கேட்டால் 10,000 சாத்தியங்கள். ஆறு இலக்கம் என்றால் 10 லட்சம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நான்கு இலக்கக் கீபேடும் ஏழு லீவர் பூட்டும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான்.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. ஒரு மாடலில் தயாரான எல்லாக் கீபேடுகளும் தொழிற்சாலையிலிருந்து ஒரே சாவியோடு வெளிவருகின்றன. 123456, அல்லது 888888, அல்லது 999999. பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் அந்த எண் அச்சாகியே இருக்கும். திண்டுக்கல்லில் பட்டறைக்குள் முடிந்த வேலை இங்கே முடியாமல் வாசல்வரை வந்து நிற்கிறது. அதை முடித்துக் கொடுக்க வேண்டியவர் ஏணியோடு வந்திருக்கும் எலக்ட்ரீஷியன். "இதுதானுங்க்கா மாஸ்டர் கோடு, ஒன்னு ரெண்டு மூணு நாலு அஞ்சு ஆறு. மறக்கவே மறக்காதுங்க" என்று சொல்லி அவர் கிளம்பிவிட்டால், அந்தக் கதவில் தொங்குவது பாதி செய்த பூட்டு.

மீதிப் பாதியை எப்படிச் செய்வது என்பதைத்தான் இந்த அத்தியாயம் பேசப்போகிறது. அதற்கு முதலில், பொத்தானை விரல் தொட்டதும் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

பன்னிரண்டு பொத்தானுக்குத் தனித்தனி வயர், எல்லாவற்றுக்கும் பொதுவாக இன்னொன்று என்று இழுத்தால் பதின்மூன்று வயர் தேவைப்படும். பொறியாளர்கள் அதைச் சுருக்க, நான்கு கிடைக்கோடுகளும் மூன்று செங்குத்துக் கோடுகளும் கொண்ட ஒரு கட்டத்தை அமைத்தார்கள். கோடுகள் சந்திக்கும் இடம் ஒவ்வொன்றிலும் ஒரு பொத்தான். ஆக ஏழு வயர் போதும். உள்ளிருக்கும் சிப், கிடைக்கோடுகளை ஒவ்வொன்றாகச் சுழிய வோல்ட்டுக்கு இறக்குகிறது; இறக்கிய நொடியில் செங்குத்துக் கோடுகளில் ஏதாவது சேர்ந்து இறங்குகிறதா என்று பார்க்கிறது. இரண்டாவது கிடைக்கோட்டை இறக்கியபோது மூன்றாவது செங்குத்துக் கோடும் இறங்கினால், அழுத்தப்பட்டது 6. இந்தச் சுற்று நொடிக்குப் பல முறை, யாரும் கதவருகே இல்லாத நடுராத்திரியிலும் ஓயாமல் நடக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சிமெண்ட் தரையில் போட்ட கோலிக்குண்டு உடனே நிற்காமல் சிலமுறை துள்ளி அடங்குவதுபோல, பொத்தானுக்குள் இரண்டு தொடுபரப்புகளும் சில மில்லிநொடிகள் தொட்டுத் தொட்டு விலகுகின்றன. நம் விரலுக்கு அது ஒரே அழுத்தம். நொடிக்கு லட்சக்கணக்கான கட்டளைகளை ஓட்டும் சிப்புக்கோ அது ஏழெட்டு அழுத்தங்களாகத் தெரியும். நிரல் எழுதுபவர் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து, முதல் தொடுகையைக் கண்டதும் 20 மில்லிநொடி அளவுக்குக் காத்திருந்து மறுபடி பார்க்கும்படி எழுதுகிறார். அந்த இரண்டு மூன்று வரிகள் இல்லையென்றால், 4 என்று ஒருமுறை அழுத்தியவருக்கு 444 என்று பதிவாகி, சரியான எண் தெரிந்தவரே வெளியே நிற்க நேரும்.

பொத்தான்களின் வரிசைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. கால்குலேட்டரில் 7, 8, 9 மேலே இருக்க, கீபேடில் 1, 2, 3 மேலே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பொத்தான் தொலைபேசியை வடிவமைத்த அமெரிக்காவின் பெல் ஆய்வகம், எந்த அடுக்கில் மக்கள் வேகமாகவும் பிழையில்லாமலும் எண்ணை அழுத்துகிறார்கள் என்று பல அமைப்புகளை ஆட்களைக் கொண்டு சோதித்தது. ரிச்சர்ட் டெய்னிங்கர் அந்த முடிவுகளை 1960-ல் வெளியிட்டார். 1963 நவம்பரில் விற்பனைக்கு வந்த தொலைபேசியில் பத்துப் பொத்தான்களே இருந்தன. நட்சத்திரமும் ஹாஷும் 1968-ல் சேர்ந்தன. நம் கதவோரக் கீபேடு அந்த இரண்டையும் அப்படியே வாங்கிக்கொண்டது. நட்சத்திரம் என்றால் "நான் உன்னோடு பேசப்போகிறேன்". ஹாஷ் என்றால் "சொல்லி முடித்துவிட்டேன்". இப்படித்தான் பெரும்பாலான மாடல்கள் அவற்றைப் புரிந்துகொள்கின்றன.

பரவலாக விற்கும் கீபேடுகளில் நிரலாக்கம் இப்படித் தொடங்கும்: நட்சத்திரம், ஆறு இலக்க மாஸ்டர் கோடு, ஹாஷ். விளக்கு நிறம் மாறி, கீபேடு கேட்கத் தயாராகிறது. இதற்குப் பின் அழுத்தும் முதல் இலக்கம் ஒரு கட்டளை. பல மாடல்களில் 0 என்றால் மாஸ்டர் கோடை மாற்று. 1 என்றால் புதிய ஆளைச் சேர். 2 என்றால் ஆளை நீக்கு. 4 என்றால் கதவு எத்தனை நொடி திறந்திருக்கலாம் என்று சொல். மாடலுக்கு மாடல் இந்த எண்கள் மாறும், அதனால் கூட வந்த தாளைத் தொலைத்துவிடக் கூடாது. மாஸ்டர் கோடு கதவைத் திறப்பதற்கு உரியதன்று. யாருக்கெல்லாம் கதவு திறக்கலாம் என்று முடிவுசெய்யும் உரிமை அது. கட்டடத்திலேயே மிக மதிப்புள்ள எண்ணும் அதுதான். ஆகவே ஏணியை மடக்குவதற்கு முன் முதலில் அழுத்த வேண்டிய கட்டளை 0.

மாற்றிய எண் ஈஈப்ராம் என்ற நினைவகத்தில் மின்னூட்டமாகச் சிறைப்பட்டு நிற்கிறது. மின்சாரம் போனாலும் அழியாது. இத்தகைய நினைவகத்தின் ஒவ்வோர் இடத்திலும் ஒரு லட்சம் முறையாவது அழித்து எழுதலாம் என்பது வழக்கமான உத்தரவாதம். தினம் ஒருமுறை கோடு மாற்றினாலும் 270 ஆண்டுக்குக் குறையாமல் தாங்கும் என்று கணக்கு சொல்கிறது. எண்ணை மாற்றத் தயங்குவதற்குக் கருவியில் எந்தக் காரணமும் இல்லை.

மனித மனத்தில்தான் காரணம் இருக்கிறது. பணம் தரும் இயந்திரத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ஷெப்பர்ட் பாரன், நம் ஷில்லாங்கில் 1925-ல் பிறந்தவர். அவருடைய இயந்திரம் 1967 ஜூன் 27 அன்று லண்டன் அருகே என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கிக் கிளையில் செயல்படத் தொடங்கியது. ஆறு இலக்கம் வைக்கலாம் என்று எண்ணியிருந்ததாகவும், நான்கைத்தான் தன்னால் நினைவில் வைக்க முடியும் என்று சமையலறை மேசையில் மனைவி கரோலின் சொன்னதால் நான்காகக் குறைத்ததாகவும் அவர் பின்னாளில் சொன்னார். உலகம் முழுவதும் பரவிய நான்கு இலக்கப் பழக்கத்தின் பின்னால் இருந்தது நினைவாற்றலின் எல்லை.

அந்த எல்லை மோசமான தேர்வுகளுக்கும் நம்மைத் தள்ளுகிறது. கசிந்து வெளியான கடவுச்சொற் பட்டியல்களிலிருந்து சுமார் 34 லட்சம் நான்கு இலக்க எண்களை நிக் பெர்ரி 2012-ல் எண்ணிப் பார்த்தார். 1234 மட்டும் ஏறக்குறைய 11 விழுக்காடு. அடுத்து 1111, அதற்கடுத்து 0000. முதல் இருபது எண்களே மொத்தத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் எடுத்துக்கொண்டன. அதாவது 10,000 சாவி என்று நாம் பெருமையாகச் சொல்லும் பூட்டு, இருபது முயற்சியில் நான்கில் ஒருவர் வீட்டில் திறந்துகொள்ளும்.

கோவையில் இந்தப் பட்டியலோடு 0422-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊரின் எஸ்டிடி எண் அது. கச்சிதமாக நான்கு இலக்கம், எல்லோர் நாக்கிலும் இருப்பது. ஆறு இலக்கம் கேட்டால் 641-ல் தொடங்கும் பின்கோடு கைவசம் தயாராக இருக்கிறது. அதுவும் அந்தக் கட்டடத்தின் பெயர்ப்பலகையிலேயே எழுதியிருக்கும். பிறந்த ஆண்டு, வாசலில் நிற்கும் வண்டியின் பதிவெண், கைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் எல்லாம் இதே வகைதான். இவற்றைத் தேர்ந்தெடுப்பவரை நான் குறை சொல்லவில்லை. எண்ணை நினைவில் வைக்க ஒரு கதை வேண்டும். அந்தக் கதை ஊருக்கே தெரிந்ததாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எண்ணைக் காட்டிக்கொடுக்கும் வேலையைச் சில சமயம் பெட்டியே செய்கிறது. ஒரே கோடை ஆண்டுக்கணக்கில் பலபேர் அழுத்தினால், அந்த நான்கு பொத்தான்கள் மட்டும் தேய்ந்து வெளுத்துவிடும். எந்த நான்கு என்று தெரிந்துவிட்டால் அவற்றை வரிசைப்படுத்த 24 வழிகளே உண்டு. 10,000 ஒரே பார்வையில் 24 ஆகிவிடுகிறது. இங்கே கணிதம் ஒரு வியப்பைத் தருகிறது: ஓர் இலக்கம் இரண்டு முறை வரும்படி கோடு வைத்தால், தேய்வது மூன்று பொத்தான்தான், ஆனால் சாத்தியங்கள் 36. எந்த இலக்கம் இருமுறை வருகிறது என்பதையும் பார்ப்பவர் ஊகிக்க வேண்டியிருப்பதால், தடயம் குறைந்தும் ரகசியம் கொஞ்சம் கூடுகிறது. ஆளுக்கொரு கோடு கொடுத்துவிட்டால் எல்லாப் பொத்தானும் ஏறக்குறைய ஒன்றுபோல் தேயும், தடயமே மிஞ்சாது.

பொறுமைசாலி ஒருவர் எல்லா எண்ணையும் வரிசையாக அழுத்திப் பார்த்தால்? முயற்சி ஒன்றுக்கு மூன்று நொடி என்றால் 10,000-க்கும் சேர்த்து எட்டு மணி இருபது நிமிடம். ஓர் இரவு. ஹாஷ் கேட்காமல், கடைசியாக அழுத்திய நான்கு இலக்கத்தை மட்டும் பார்த்துத் திறக்கும் கீபேடுகளில் நிலைமை இன்னும் மோசம். 12345 என்று அழுத்தினால் அதில் 1234-ம் இருக்கிறது, 2345-ம் இருக்கிறது. இப்படி ஒன்றோடொன்று பின்னி எல்லா எண்களையும் அடக்கும் வரிசைகளைப் பற்றி டச்சுக் கணிதவியலாளர் டி பிரெய்ன் 1946-ல் எழுதினார். அவற்றுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. தனித்தனியாக என்றால் 40,000 அழுத்தங்கள். அவர் வழியில் 10,003 போதும். முடிவில் ஹாஷ் கேட்கும் கீபேடு இந்தக் குறுக்குவழியை அடைத்துவிடுகிறது, ஏனென்றால் ஒவ்வொரு முயற்சியும் அங்கே தனியாக முடிகிறது.

பத்து முறை தவறினால் பத்து நிமிடம் பூட்டிக்கொள்ளும் வசதி பல மாடல்களில் உண்டு. அதை இயக்கினால் ஓர் இரவு என்பது சுமார் ஏழு நாளாக நீளும். ஏழு நாள் இரவும் பகலும் ஒருவர் வாசலில் நின்று பொத்தான் அழுத்துவதை எந்தத் தெருவும் பொறுக்காது. சில மாடல்களில் இந்த வசதி பெட்டியிலிருந்து எடுக்கும்போது அணைந்தே இருக்கும். அதை இயக்கிவைப்பதும் நிரலாக்குபவரின் கடமை.

எண் சரியாக இருந்தால் சிப் ரிலே என்ற மின்சுவிட்சைத் தட்டுகிறது. ரிலே, கதவைப் பூட்டி வைத்திருக்கும் மின்காந்தத்துக்குப் போகும் மின்சாரத்தை ஐந்து நொடிபோல் துண்டிக்கிறது. இந்தக் காந்தத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் கோவை மண்ணுக்கு மிகப் பழக்கமான பொருள் அது. 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியபின் இந்த ஊர் மின்சாரத்தில் வளர்ந்தது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை இங்கே உருவாக்கினார்கள். பம்புசெட், கிரைண்டர் என்று வீதிக்கு வீதி தாமிரக் கம்பியைச் சுருளாகச் சுற்றத் தெரிந்த கைகள் உள்ள ஊர் இது. கதவின் மேல்சட்டத்தில் இருக்கும் ஈஎம் லாக் என்ற இந்த மின்காந்தப் பூட்டும் அதே சுருள்தான். மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிய உட்கருவின்மேல் சுற்றியது. 12 வோல்ட், அரை ஆம்பியர்; மொத்தம் ஆறே வாட். அதை வைத்து 280 கிலோ இழுவைக்கு நிற்கிறது.

இவ்வளவு சிறிய மின்சாரத்துக்கு இவ்வளவு வலிமை எப்படி? காந்தமும் கதவிலுள்ள இரும்புத் தகடும் இடைவெளியே இல்லாமல் ஒட்டியிருப்பதுதான் காரணம். இழுவிசை காந்தப்புல அடர்த்தியின் இருமடிக்கு ஏற்ப மாறும். இடையில் காற்று புகுந்து புலம் பாதியானால், விசை கால் பங்காகிவிடும். தகட்டுக்குப் பெயிண்ட் அடிப்பது, தூசி படிய விடுவது, திருகை இறுக்கி முறுக்கித் தகடு அசைய முடியாமல் செய்வது எல்லாம் விசையைக் குறைக்கும். தகட்டின் பின்னால் ரப்பர் வாஷர் கொடுத்திருப்பது, அது தானே அசைந்து காந்தத்தின்மேல் பரவலாக உட்காரட்டும் என்றுதான். இறுக்கமே பாதுகாப்பு என்று நினைத்து முழுக்க முறுக்கிவிடுபவர் பூட்டை வலுவிழக்கச் செய்கிறார்.

சுருளில் ஓடும் மின்சாரத்தைத் திடீரென்று துண்டித்தால், சேமித்திருந்த காந்த ஆற்றல் எதிர்த்திசையில் நூற்றுக்கணக்கான வோல்ட்டாகத் துள்ளும். ரிலேயின் தொடுமுனைகளை அது மெல்ல எரிக்கும். சிப்பையும் சில சமயம் குழப்பும். காந்தத்தின் இரு முனைகளுக்குக் குறுக்கே ஒரு டயோடைத் தலைகீழாக இணைத்தால் அந்தத் துள்ளல் சுருளுக்குள்ளேயே சுற்றித் தணிந்துவிடும். சில ரூபாய்ப் பொருள். உள்ளேயே அது இல்லாத மாடல்களில் வெளியே சேர்க்காமல் விட்டால், காரணம் புரியாமல் கோளாறு செய்யும் கீபேடு ஒன்று கிடைக்கும்.

அடுத்தது மின்வெட்டு. 2012-ல் தினம் பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் கோவையின் பட்டறைகள் பட்ட பாடு இங்குள்ளவர்களுக்கு நினைவிருக்கும். ஈஎம் லாக் மின்சாரம் இருக்கும்வரைதான் பூட்டு. போனால் கதவு திறந்துகொள்ளும். அதனால் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றைத் துணைக்கு வைக்கிறார்கள். அரை ஆம்பியருக்கு அது கணக்குப்படி 14 மணி நேரம் வரும். பேட்டரிக்கு வயதாக ஆகக் குறையும். இதற்கு மாறாக, திறப்பதற்கு மட்டும் மின்சாரம் கேட்கும் பூட்டுகளும் உண்டு. மின்சாரம் போனால் அவை வெளியிலிருந்து பூட்டியபடியே இருக்கும்; உள்ளே கைப்பிடியைத் திருப்பி வெளியேறலாம். நகைப் பட்டறைக்காரர் இரண்டாவதை விரும்புவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உள்ளே கைப்பிடி இல்லாமல் அதைப் பொருத்துவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தபோது, ஒன்பதாவது மாடியில் படிக்கட்டுக் கதவு ஒன்று பூட்டியிருந்தது. அந்தத் தீயில் இறந்த 146 பேரில் பெரும்பாலோர் இளம் தையல் தொழிலாளிப் பெண்கள். திருப்பூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் நாம் இதை வேறு யாருடைய வரலாறாகவோ படிக்க முடியாது. இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வெளியேறும் கதவுகள் உள்ளிருப்பவர்களுக்குச் சாவி இல்லாமலே திறக்க வேண்டும் என்கிறது. கீபேடும் ஒரு சாவிதான். உள்ளே ஓர் எக்ஸிட் பட்டன் வைத்துவிட்டோமே என்று சிலர் சொல்லலாம். அந்தப் பட்டன் பெரும்பாலும் கீபேடின் சிப்பிடம் விண்ணப்பம்தான் செய்கிறது. சிப் உறைந்து நின்றால் பட்டனும் ஊமை. ஆகவே சிப்பைக் கேட்காமல் காந்தத்தின் மின்சாரத்தை நேரடியாக வெட்டும் அவசரச் சுவிட்ச் ஒன்றும், தீ எச்சரிக்கை ஒலித்தால் தானாகவே அதைச் செய்யும் இணைப்பும் வேண்டும். பொருத்தி முடித்ததும் மெயின் சுவிட்சையும் பேட்டரியையும் அணைத்து, உள்ளே நின்று கதவைத் தள்ளிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

பொருத்தும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். விலை குறைந்த கீபேடில் ரிலே அதே பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியோ கதவுக்கு வெளியே. அதைக் கழற்றத் தெரிந்தவருக்குக் கோடு தேவையில்லை. முடிவெடுக்கும் போர்டை உள்ளே வைத்து, வெளியே பொத்தான்களை மட்டும் வைக்கும் அமைப்பு சற்றே செலவு கூடியது. வெளிப்பெட்டி அப்போது அழுத்திய எண்ணை உள்ளே அனுப்புவதோடு நின்றுவிடும். தங்கம் இருக்கும் இடத்துக்கும் பெண்கள் விடுதிக்கும் அந்தச் செலவு தகும்.

இனி ஆட்களைச் சேர்ப்பது. விடுதி முழுவதற்கும் ஒரே கோடு வைப்பது எளிது. நாற்பது பேர் அறிந்த எண், அவர்களின் நண்பர்களும் உணவு கொண்டுவருபவரும் அறிந்த எண். ஒருவர் காலிசெய்தால் மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் மாற்றிச் சொல்ல வேண்டும் என்பதாலேயே யாரும் மாற்றுவதில்லை. கீபேடின் நினைவகத்தில் நூற்றுக்கணக்கான இடங்கள் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஓர் இருப்பிட எண், அதற்கொரு கோடு: கட்டளை 1, இருப்பிட எண், ஹாஷ், கோடு, ஹாஷ். எந்த இருப்பிடம் யாருடையது என்பதை ஒரு நோட்டில் எழுதி, கோடுகளை மட்டும் எழுதாமல் விட வேண்டும். அவை அவரவர் தலைக்குள் இருக்கட்டும். படிப்பு முடிந்தோ வேலை மாறியோ ஒருவர் பெட்டியைக் கட்டும் நாளில், விடுதிக்கார அக்கா முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து நோட்டில் அந்தப் பெயரைக் கண்டுபிடித்து, கட்டளை 2-ஐயும் இருப்பிட எண்ணையும் ஹாஷையும் அழுத்தினால் போதும். மற்ற யாருக்கும் எதுவும் மாறாது.